அவள் சாட்சியில் நான் அடித்த வரி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு யார் தொலைபேசியில் அழைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும். சபைக்குக் கிளம்புகிற நேரம் அது. அன்றைக்கும் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, "யாருங்க இந்நேரத்துல?" என்று கடுப்பாகத்தான் எடுத்தேன்.

"டீச்சர், என்னை உங்களுக்குத் தெரியாது" என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். "உங்க கிளாஸுக்கு வந்தாங்கல்ல, தெலுக் பங்லிமா காராங்ல ஃபேக்டரி வேலை செய்றவங்க, அவங்க மக நான். அம்மா மூணு மாசமா இனிப்பு நீருக்கு இன்சுலின் ஊசியே போடல டீச்சர். கால் விரல் ரெண்டு கறுத்துப் போச்சு. வெள்ளிக்கிழமை மயக்கம் போட்டு விழுந்தப்பதான் எனக்கே தெரியும். இப்ப ஆஸ்பத்திரில இருக்காங்க. விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு, இவங்க கையெழுத்துப் போட மாட்டேங்குறாங்க. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள செய்யலைன்னா பாதமே போயிடுமாம். ஏம்மா இப்படிப் பண்றேன்னு கேட்டா, டீச்சரைக் கேளுன்னு சொல்றாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. என்னையா? என்னை எதற்குக் கேட்க வேண்டும்? ஊசியை நிறுத்து என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே இரத்தக் கொதிப்பு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை விழுங்குகிறவள் நான். "நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லம்மா" என்று அந்தப் பெண்ணிடம் கிட்டத்தட்டக் கத்தினேன். அவள் கத்தவில்லை. "நீங்க வந்து அம்மாகிட்டயே சொல்லுங்க டீச்சர்" என்று வைத்துவிட்டாள்.

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது எங்கள் சபை. அங்கே புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் சீஷத்துவ வகுப்பு எடுக்கிறேன், பதினான்கு வருடமாக. பன்னிரண்டு வாரம். எப்படி ஜெபிப்பது, எப்படி மன்னிப்பது, வீட்டில் உள்ளவர்கள் ஏசினால் எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று வரிசையாகப் பாடம் உண்டு. கடைசி வாரம், ஒவ்வொருவரும் தங்கள் சாட்சியைத் தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். முன்பு எப்படி இருந்தேன், ஆண்டவர் எப்படிச் சந்தித்தார், இப்போது எப்படி இருக்கிறேன், இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூன்று நிமிடம் கொடுப்பார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் பாடல் குழு நெளியத் தொடங்கிவிடும்.

அந்தத் தாள்களைத் திருத்துவதுதான் என் வேலை. யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். சிலர் மாமியாரில் தொடங்கி மச்சான் வாங்கிய லோரி வரைக்கும் எழுதுவார்கள், ஆண்டவர் வருவதற்குள் தாள் முடிந்துவிடும். நான் வெட்டுவேன். சுற்றி வளைப்பதை எடுப்பேன். முடிவு மட்டும் எப்போதும் நன்றாக நிற்க வேண்டும் எனக்கு. கேட்பவர்கள் அல்லேலூயா சொல்லி முடிக்க வேண்டும். என் கணவர் கேலி பண்ணுவார். "விட்டா நீ கர்த்தர் பேசினதையே திருத்தி மார்க் போட்டுக் குடுப்ப" என்பார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரிப்பேன்.

அந்தப் பெண்ணின் அம்மா என் வகுப்புக்கு வந்தது போன வருடம். ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் பூச்சோங்கில் ஒரு பேரங்காடியில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கி மாதத்துக்கு இரண்டு முறை வந்துபோவாள். மகளுக்கு அம்மா சபைக்கு வருவது பிடிக்காது, ஆனால் தடுக்கவும் மாட்டாள் என்று அவளே சொன்னாள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைக்கும் படித்தவள். வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்து நான் சொல்லும் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். நான் தும்மினால்கூட எழுதிக்கொள்வாளோ என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அவளைப் பிடித்திருந்ததற்குக் காரணமே அதுதான், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவள் கொண்டுவந்த சாட்சி இரண்டு பக்கம். இனிப்பு நீர் முற்றி, ஏழுக்குள் இருக்க வேண்டிய இரத்தச் சர்க்கரை அளவு இருபதைத் தாண்டி, தனியாக வீட்டில் கிடந்து பயந்துபோயிருந்தவள், பக்கத்து வீட்டு சிஸ்டர் ஒருத்தி ஜெபித்த பிறகு எழுந்து உட்கார்ந்தாள், ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினாள், அளவு ஒன்பதுக்கு இறங்கியது, கிளினிக்கில் டாக்டரே ஆச்சரியப்பட்டார். நல்ல சாட்சி. எனக்குப் புல்லரித்தது. முடிவு மட்டும் இழுத்தது. கடைசியில் நாலு வரியை அடித்துவிட்டு, "கர்த்தர் எனக்குச் சுகம் கொடுத்தார்" என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அடித்த இடத்தை விரலால் ஒரு முறை தடவினாள். "சரிங்க டீச்சர்" என்றாள். நான் அடுத்த ஆளின் தாளை எடுத்துவிட்டேன்.

அந்தச் சாட்சி பாஸ்டருக்கு அவ்வளவு பிடித்துப்போய், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தாய்ச்சபையில் நடந்த கூட்டு ஆராதனையில் அவளைச் சொல்ல வைத்தார். கிள்ளானிலிருந்து எல்லாரும் கொம்யூட்டர் ரயிலில் போனோம். அவள் மயில் கழுத்து நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தாள். வழியெல்லாம் தாளைப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தாள். மேடையில் ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னாள். கடைசி வரியில் மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. அதை வீடியோ எடுத்துச் சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்கள். நானும் என் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். என் மாணவி என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

இதெல்லாம் நடந்து மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மகள் சொன்ன மூன்று மாதத்தை நான் காரில் உட்கார்ந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். "பசியாறாம எங்க ஓடுற?" என்று கேட்டுக்கொண்டே கணவர் சாவியை எடுத்தார். "ஆஸ்பத்திரிக்கு" என்றேன். 

ஆஸ்பத்திரியில் அது பார்வையாளர் நேரம் இல்லை. மகள் காவலாளியிடம் கெஞ்சி என்னை மட்டும் உள்ளே அழைத்துப் போனாள். இருபத்துநாலு இருபத்தைந்து வயதிருக்கும், கண் வீங்கியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் வேகமாக நடந்தாள்.

உள்ளே அவள் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். "டீச்சர், நீங்க ஏன் வந்தீங்க? இன்னிக்குச் சபை இருக்கே!" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே அதிர்ச்சியாக இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இத்தனை வாரமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே முகத்தைப் பார்த்து, "மெலிஞ்சுட்டியே, சூப்பரா இருக்க லா!" என்று தோளில் தட்டியவள் நான்தான். பிரசங்க நேரத்தில் அடிக்கடி எழுந்து கழிவறைக்குப் போகிறாள் என்று இரண்டு முறை முறைத்திருக்கிறேன். ஒரு முறை கூப்பிட்டுக் கண்டித்தும் இருக்கிறேன். அதன் பிறகு அவள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மகள் போர்வையை விலக்கிக் காட்டினாள். பார்க்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. வலது காலில் கட்டைவிரலும் அதற்கு அடுத்ததும் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தன. பாதம் வீங்கிப் பளபளத்தது. ஃபேக்டரியில் போடுகிற கனத்த பூட்ஸ் உரசிக் கொப்புளம் வந்ததாம், வலிக்கவே இல்லையாம், அதனால் கவனிக்கவில்லையாம். அவள் இதைச் சொல்லும்போது மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொன்னாள்.

"ஊசியை ஏன் நிறுத்துன?" என்று கேட்டேன். அப்போதும் என் குரலில் டீச்சர்தான் இருந்தாள்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதானே டீச்சர் அந்த வரியை அடிச்சீங்க?"

"எந்த வரி?"

"ஊசி போடுற வரி."

எனக்கு நிஜமாகவே நினைவில்லை. நூற்றுக்கணக்கான தாள்களில் எத்தனையோ வரிகளை அடித்தவளுக்கு எது நினைவிருக்கும்? அவள் சபைக்கு எடுத்துவருகிற தன் பையைக் காட்டினாள். மகள் அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே அந்தத் தாள், மடிப்பு கலையாமல். கடைசிப் பக்கத்தில் என் கோடு. கோட்டுக்கு அடியில் அவளுடைய குண்டு குண்டான எழுத்து தெளிவாகப் படிக்க முடிந்தது.

"ஊசி இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. ஆனா முன்ன மாதிரி பயம் இல்ல. தனியா கெடந்து செத்துருவேன்னு நெனச்சு நெனச்சு அழுவேன், அந்த அழுகை நின்னுருச்சு."

ஐயோ, இதையா அடித்தேன்?  அந்தத் தாளில் ஆண்டவர் செய்த காரியம் என்று ஒன்று உண்மையாக எழுதியிருந்தால் அது அந்த நாலு வரிதான். துணையில்லாத ஒரு பெண்ணின் பயத்தை எடுத்துப்போட்டார் என்பதைவிடப் பெரிய சுகம் என்ன இருக்கிறது? நான் அது முடிவைக் கெடுக்கிறது என்று எடுத்துவிட்டேன். மூன்று நிமிடத்துக்குள் வர வேண்டும் என்று எடுத்துவிட்டேன்.

"டீச்சர் அடிச்சா அது தப்புன்னுதானே அர்த்தம்" என்றாள் அவள். "முதல்ல எனக்குக் கொஞ்சம் குழப்பமாத்தான் இருந்துச்சு. பிரிக்பீல்ட்ஸ்ல சொன்னப்புறமும் ஒரு வாரம் ஊசி போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஃபேக்டரில ஒருத்தி பாத்துட்டா. 'என்னக்கா, வீடியோல சொகமாயிருச்சுன்னு சொன்னீங்க, இங்க ஊசி போடுறீங்க'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டா. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. நீங்கதானே ஆறாவது பாடத்துல சொல்லிக் குடுத்தீங்க, சொன்ன சாட்சிக்குத் தக்க மாதிரி நடக்கணும்னு. அன்னிக்கே ஊசியெல்லாம் ஐஸ் பெட்டியிலருந்து எடுத்துக் குப்பையில போட்டுட்டேன்."

இதைக் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள், சரியாகச் சொல்கிறோமா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பதினான்கு வருட வகுப்பில் நான் சொன்னதைச் சொன்னபடியே கடைப்பிடித்த மாணவி யார் என்று கேட்டால் இவள் ஒருத்திதான். அவள் கால்தான் அழுகிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போடும்மா" என்றேன். "நான் சொல்றேன். நான் அடிச்சது தப்பு. உன்மேல ஒரு தப்பும் இல்ல. போடு."

அவள் தலையை ஆட்டினாள். "எப்படி டீச்சர்? அத்தனை பேர் முன்னாடி சொன்னேனே. இப்பப் போயி விரலை வெட்டிக்கிட்டு வந்து நின்னா, கர்த்தர் பொய்யர்னு ஆயிடாதா? உங்களையும் பொய்க்காரின்னு பேசுவாங்க. கர்த்தருக்குத் தெரியும் டீச்சர், அவரு என்னை மன்னிச்சுடுவாரு. உங்க பேரு கெட்டுப்போச்சுன்னா நான் என்ன பண்றது?"

என் பேர். இந்தப் பெண் மூன்று மாதமாகத் தன் காலைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என் பேரை.  

மகள் என் பக்கம் திரும்பினாள். "எங்கம்மாவுக்கு நீங்க சாமி மாதிரி டீச்சர். அதான் பிரச்சனையே" என்றாள்.

ஒரு டாக்டர் தம்பி வந்தார். "ஆன்டி, பன்னெண்டு மணிக்கு ஆப்பரேஷன் தியேட்டர் காலியா இருக்கு. அதுக்குள்ள சொல்லணும். இப்ப ரெண்டு விரல். நாளைக்கு நான் ரெண்டு விரல்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மணி ஒன்பதேகால்.

அத்தனை பேர் முன்னாடி என்றாளே, அப்படியென்றால் அத்தனை பேர் முன்னாலேயே அந்த வரியைத் திரும்பப் பெற வேண்டும். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. தாளைக் கேட்டேன். கொடுத்தாள். மகளிடம், "பத்தரை மணிக்கு என் வீட்டுக்காரர் போன்லருந்து வீடியோ கால் வரும். அம்மாகிட்டக் காட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். அறுபத்து மூன்று வயதில் ஓடுவதென்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சபை மாடிப்படியிலேயே பாஸ்டரைப் பிடித்தேன். என்னைவிட இருபது வயது இளையவர், தங்கமான மனிதர், யார் மனமும் புண்படக் கூடாது என்று நினைப்பவர். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. "கர்த்தாவே" என்று மாடிப்படிக் கம்பியில் சாய்ந்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டீச்சர், ஆராதனை முடிஞ்சதும் நாம எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். மேடையில வேணாமே. இன்னிக்குப் புதுசா நாலு குடும்பம் வந்திருக்கு. விசுவாசம் ஆட்டம் கண்டுடும்" என்றார்.

"பாஸ்டர், அங்க ஒரு கால் ஆட்டம் கண்டுக்கிட்டிருக்கு" என்றேன். நான் கத்தினது கீழே டயர் கடையில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.  இரண்டாவது பாட்டு முடிந்ததும் பாஸ்டரே மைக்கை என் கையில் கொண்டுவந்து கொடுத்தார்.

எத்தனையோ வருடம் அந்த மேடையில் நின்றிருக்கிறேன். அன்றைக்கு என் கையில் அவள் தாள் மட்டும் இருந்தது. கணவர் முன் வரிசையில் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். சின்னத் திரையில் ஆஸ்பத்திரித் தலையணையும் அவள் முகத்தில் பாதியும் தெரிந்தன.

"பிரிக்பீல்ட்ஸ்ல நம்ம சிஸ்டர் சொன்ன சாட்சியை எல்லாரும் கேட்டீங்க, கை தட்டுனீங்க" என்று தொடங்கினேன். "அதுல கடைசி வரி அவங்க எழுதுனது இல்ல. நான் எழுதுனது. அவங்க எழுதுனதை நான் அடிச்சுட்டேன். அவங்க எழுதுனது இதுதான்." தாளை விரித்து அந்த நாலு வரியையும் படித்தேன். இரண்டாவது வரியை நிறுத்தித் திரும்பவும் படித்தேன். அவள் ஊசியை ஏன் நிறுத்தினாள், இப்போது எங்கே கிடக்கிறாள், எதற்காகக் கையெழுத்துப் போட மறுக்கிறாள், எல்லாவற்றையும் சொன்னேன். "கர்த்தர் பொய் சொல்லல. அவங்களும் பொய் சொல்லல. பொய் சொன்னது நான். அவங்க ஊசி போடட்டும், விரலை எடுக்கட்டும், அது ஒண்ணும் விசுவாசக் குறைச்சல் இல்லன்னு நீங்க எல்லாரும் அவங்களுக்குச் சொல்லுங்க" என்றேன்.

பழக்க தோஷத்தில் பின்னாலிருந்து ஓர் அங்கிள் "அல்லேலூயா" என்று தொடங்கிப் பாதியில் விழுங்கிவிட்டார்.  என்னை ஏசுவார்கள் என்று நினைத்தேன். யாராவது எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். முதலில் எழுந்தது வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்கிற அக்கா. அவர் தொலைபேசிக்கு முன்னால் வந்து, "கையெழுத்துப் போடு தாயி" என்று கும்பிட்டார். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். புதிதாக வந்திருந்த குடும்பத்தில் ஒரு பெண்கூட வந்து, "ஆன்டி, போட்டுருங்க ஆன்டி" என்று சொல்லிவிட்டுப் போனது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மேடையிலிருந்து இறங்கிய என்னை அந்த வாசல் அக்கா கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "டீச்சர், என் சாட்சியிலயும் ஒரு வரி எடுத்தீங்க, ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்கு ஞாபகமில்லை. "பையன் குடியை விட்டுட்டான்னு சொன்னேன்ல. இன்னும் அப்பப்ப குடிக்கிறான்னுதான் எழுதியிருந்தேன். ஒன்பது வருஷமாச்சு. அன்னியிலருந்து சபை ஆளுங்க யாரையும் நான் வீட்டுக்கு வர விடுறது இல்ல" என்றார். ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் என் கையைக் குலுக்கி உள்ளே அனுப்புகிறவர் அவர். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் என்னிடம் பேசக் காத்து நின்றார்கள்.  "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். மறுநாள் போனேன். வாசல் அக்கா தான் சொன்னதை எழுதச் சம்மதித்தார், மற்றதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை, ஒருவர் கதையை அவரைக் கேட்காமல் தொடக் கூடாது என்ற அளவுக்காவது இப்போது புத்தி வந்திருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. அவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். "யாரும் எந்திரிச்சுப் போகலியே டீச்சர், நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் முதல் வார்த்தையாக. பிறகு, "உங்களுக்கு ரொம்ப வெக்கமாப் போச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை.

அன்றைக்கு அவளுக்கு இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. இப்போது தடி ஊன்றி நடக்கிறாள், காலையிலும் மாலையிலும் ஊசி போடுகிறாள், ஃபேக்டரியில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். பாஸ்டர் அந்த வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டார். நான் வகுப்பை நிறுத்திவிட்டேன். வேறொருவர் எடுக்கிறார், நான் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். என் கணவர் கேலி பண்ணுவதையும் நிறுத்திவிட்டார், அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் இதையெல்லாம்விட என்னை உலுக்கியது அவளை உள்ளே கொண்டுபோவதற்கு முன் நடந்த ஒரு நிமிடம். தள்ளுகட்டிலில் படுக்க வைத்து, பச்சைத் துணி போர்த்தி, கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் நான், மறு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு மகள். "ஜெபம் பண்ணுங்க டீச்சர்" என்றாள் படுத்திருந்தவள். கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. எப்படி ஜெபிப்பது என்று முதல் பாடம் நடத்துகிறவள் நான்.

 பிறகு என் கையைத் தேடிப் பிடித்து அவளே தொடங்கினாள். "ஆண்டவரே, டீச்சர் இன்னிக்கு எனக்காக எல்லார் முன்னாடியும் தலை குனிஞ்சுட்டாங்க. அவங்க வேணும்னு செய்யல. அவங்களைக் கோவிச்சுக்காதீங்க. ராத்திரி அவங்களுக்கு நல்லாத் தூக்கம் வரணும். அவ்வளவுதான் ஆண்டவரே."

காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.  "ஆமென்" என்று சொன்னது அந்த மகள்.